49 டிகிரியில் அணையும் ஒளி

டிரைகிளைசின் சல்ஃபேட் பார்ப்பதற்கு ஒன்றும் விசேஷமில்லாத படிகம். ஆய்வுக்கூடங்களில் டி.ஜி.எஸ். என்பார்கள். நிறம் கிடையாது, பளபளப்பும் சுமார்தான். மூன்று பங்கு கிளைசின், ஒரு பங்கு கந்தக அமிலம், தேவையான அளவு நீர். கரைத்து, வடிகட்டி, தூசி விழாமல் மூடி, மெல்ல ஆவியாக விட்டால் சில நாட்களில் பீக்கரின் அடியில் படிகங்கள் வந்து உட்கார்ந்துவிடும். அவற்றில் ஒன்றை எடுத்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசரை அதன்மீது பாய்ச்சினால், மறுபக்கம் மிக மங்கலான பச்சை ஒளி வெளியேறும். ஒளிமானியில் அது தெளிவாகப் பதிவாகும்.

இப்போது படிகத்தை மெதுவாகச் சூடாக்க வேண்டும். வெப்பம் ஏற ஏறப் பச்சை தளர்கிறது. 40 டிகிரியைத் தாண்டியதும் சரிவு வேகமெடுக்கிறது. 49 டிகிரி செல்சியஸில் அறவே நின்றுவிடுகிறது. லேசர் அதே லேசர்தான். படிகம் உருகவில்லை, விரிசல் விடவில்லை, நிறம் மாறவில்லை. வெறும் கண்ணால் பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. ஆறவிட்டால் பச்சை திரும்ப வருகிறது.

2003 மே மாதக் கடைசியில் சென்னையில் பதிவான வெப்பம் 45 டிகிரி. அதைவிட நாலே டிகிரி கூடுதல், அவ்வளவுதான். உலை வேண்டாம், ஒரு கிண்ணம் வெந்நீர் போதும். அந்த நாலு டிகிரிக்குள் ஒரு திடப்பொருள் ஒளியோடு நடந்துகொள்ளும் விதமே மாறிவிடுகிறது.

வெப்பத்தால் இப்படி ஒளிப்பண்பை மாற்றிக்கொள்ளும் பொருட்களைத் தேடி இன்று பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் மும்முரமாக இறங்கியிருக்கின்றன. சீனாவின் நான்ஜிங்கிலும் ஃபூஜோவிலும் மாதந்தோறும் புதுப் படிகங்கள் வளர்கின்றன. இதில் தமிழ்நாட்டுக்கும் நேரடியான பங்கு உண்டு. நேரியலற்ற ஒளியியல் படிகம், அதாவது நம் ஆராய்ச்சி மாணவர்கள் சொல்லும் ‘என்.எல்.ஓ. கிரிஸ்டல்’, வளர்க்காத இயற்பியல் துறையை இங்கே காண்பது அரிது. ஆனால், அந்தப் படிகத்தைச் சூடாக்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

அச்சில் மறைந்த புள்ளி

1960 மே மாதத்தில் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கினார். அடுத்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய மூன்று சகாக்களும் ரூபி லேசரின் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகம் ஒன்றுக்குள் குவித்துப் பார்த்தார்கள். உள்ளே போனது 694 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு. வெளியே வந்த ஒளியில், சிவப்போடு சேர்ந்து, அலைநீளம் சரிபாதியான 347 நானோமீட்டர் புற ஊதாவும் மிகச் சிறிய அளவில் இருந்தது. அலைநீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிப்பு என்று பொருள். ஒரு படிகம் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க முடியும் என்று மனிதர்கள் கண்டது அதுவே முதல்முறை.

அந்தப் புற ஊதா, புகைப்படத் தகட்டில் ஒரு சின்னப் புள்ளியாகத்தான் விழுந்திருந்தது. ‘பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்’ இதழில் கட்டுரை அச்சானபோது, அது ஏதோ தூசி என்று நினைத்து அந்தப் புள்ளியை நீக்கிவிட்டார்கள். கண்டுபிடிப்பைச் சுட்டும் அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டியபடி அச்சாகியிருக்கிறது. ஒரு புதிய அறிவியல் துறை தொடங்கிய படம் அது.

இரட்டிப்பு ஏன் நடக்கிறது? ஒளி என்பது மின்புல அலை. படிகத்துக்குள் நுழையும்போது அங்குள்ள எலெக்ட்ரான்களை அது இங்கும் அங்கும் ஆட்டுகிறது. சாதாரண விளக்கொளியின் தள்ளுதல் மிக மெல்லியது. தள்ளிய அளவுக்கு எலெக்ட்ரான் நகரும், அதே அதிர்வெண்ணில் ஒளியைத் திருப்பித் தரும். லேசரின் தள்ளுதல் கடுமையானது. கூடத்தில் தொங்கும் ஊஞ்சலுக்கு ஒரு பக்கம் மட்டும் சுவர் நெருக்கமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஆடும்வரை அந்தச் சுவர் நினைவுக்கே வராது. வீசி ஆடினால் ஒரு பக்கம் இடிக்கும், மறுபக்கம் தாராளமாகப் போய்வரும். எலெக்ட்ரானின் ஆட்டம் இப்படி ஒருபக்கமாகக் கோணும்போதுதான் இரட்டை அதிர்வெண் பிறக்கிறது. இரு பக்கமும் ஒரே தூரத்தில் சுவர் இருந்தால் கோணல் இரு பக்கமும் சமமாகிவிடும். அப்போது மும்மடங்கு அதிர்வெண் வரலாம், இரட்டிப்பு வராது.

படிகத்தின் அணு அடுக்கில் இரு பக்கமும் சமமாக இருப்பதைத்தான் சமச்சீர் மையம் என்கிறோம். மையத்திலிருந்து ஒரு திசையில் எந்த அணு இருக்கிறதோ, நேர் எதிர்த் திசையில் அதே தூரத்தில் அதே அணு இருக்கும். இந்த மையம் உள்ள படிகம், எவ்வளவு வலிமையான லேசரைக் கொண்டுவந்தாலும், தன் உட்பகுதியிலிருந்து இரட்டை அதிர்வெண்ணைச் சொல்லிக்கொள்ளும்படி தராது. மையம் இல்லாத படிகங்கள் பெரும்பாலும் தரும்.

சூட்டால் அணையும் ஒளியின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. வெப்பம் படிகத்தின் அணுக்களைச் சற்றே இடம்பெயர்த்து, இல்லாத சமச்சீர் மையத்தைக் கொண்டுவந்துவிடுகிறது. டி.ஜி.எஸ். படிகத்தின் ஒவ்வொரு அலகிலும் மூன்று கிளைசின் மூலக்கூறுகள் உண்டு. அவற்றில் ஒன்றுதான் இந்த மாற்றத்துக்குக் காரணம். 49 டிகிரிக்குக் கீழே அந்த ஒன்று ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது. அண்டை அலகுகளில் உள்ளவையும் அதே பக்கம் சாய்கின்றன. வெப்பம் ஏறும்போது அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் புரளத் தொடங்குகிறது. 49 டிகிரியைத் தாண்டினால் இரு பக்கமும் பாதிப் பாதி. சராசரியில் எந்தப் பக்கமும் இல்லை. பச்சை நின்றுபோனதற்கு அதுதான் காரணம்.

ராமன் பார்த்த கோடு

ஃபிராங்கன் பயன்படுத்திய குவார்ட்ஸுக்கே இப்படியொரு வெப்பநிலை உண்டு. 573 டிகிரி. அதற்குக் கீழே இருப்பது ஆல்ஃபா குவார்ட்ஸ், மேலே பீட்டா குவார்ட்ஸ். இரண்டும் அதே சிலிக்கனும் ஆக்சிஜனும்தான். அணுக்களின் இருப்பில் ஒரு சிறு திருகல் மட்டும் வேறுபடும்.

லேசர் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே இந்த மாற்றத்தை உற்றுப் பார்த்தவர் சி.வி. ராமன். திருச்சியில் பிறந்த அவர் அப்போது பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் இருந்தார். 1940-ல் அவரும் டி.எம்.கே. நெடுங்காடியும் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பை எழுதினார்கள். குவார்ட்ஸைச் சூடாக்கிக்கொண்டே அதன் ராமன் நிறமாலையைப் பதிவு செய்ததன் முடிவு அது. பெரும்பாலான கோடுகள் வெப்பத்தோடு சற்றே நகர்ந்தன, அவ்வளவே. அலைஎண் 220 அருகிலிருந்த ஒரு கோடு மட்டும் தனி வழியில் போனது. வெப்பம் ஏற ஏற அகன்றது, மங்கியது, மூலக்கோட்டை நோக்கிச் சரிந்தது. 573 டிகிரியை நெருங்கும்போது வெறும் மங்கிய பட்டையாகிவிட்டது.

அந்தக் கோடு, படிகத்துக்குள் அணுக்கள் சேர்ந்து ஆடும் ஓர் ஆட்டத்தின் தடம். அந்த ஆட்டத்தின் விறைப்பு குறைந்துகொண்டே போய், கடைசியில் படிகத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது என்பதுதான் ராமனும் நெடுங்காடியும் கண்டதன் பொருள். இப்படி மென்மையாகும் அதிர்வுகளைப் பற்றிய முழுமையான கோட்பாட்டை காக்ரன், ஆண்டர்சன் போன்றோர் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் எழுதினார்கள். பெங்களூரில் எடுத்த அந்த நிறமாலை அதற்கு முன்னோடி. ராமன் விளைவைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுகின்றன. இந்த வேலையைப் பற்றி ஒரு வரியாவது சேர்க்க வேண்டும்.

1975-ல் பாக்ஹைமர், டோலினோ என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதே குவார்ட்ஸைச் சூடாக்கி, இம்முறை அதிர்வெண் இரட்டிப்பை அளந்தார்கள். 573-ஐ நெருங்க நெருங்க இரட்டிப்பு குறைந்தது. பீட்டா குவார்ட்ஸில் சமச்சீர் மையம் வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அதன் அறுகோண ஒழுங்கு இரட்டிப்புக்கு இடம் தருவதில்லை. உலகின் முதல் இரட்டிப்புப் படிகமே வெப்பத்தால் இயங்கும் ஓர் ஒளி ஸ்விட்ச்தான். ஃபிராங்கன் அறை வெப்பநிலையில் வேலை செய்ததால் அது அப்போது வெளிப்படவில்லை.

பாக்ஹைமரும் டோலினோவும் இரட்டிப்பை ஓர் அளவுகோலாகப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளிவரும் ஒளி எவ்வளவு என்பதைப் பார்த்தே, உள்ளே அணுக்கள் எவ்வளவு திருகியிருக்கின்றன என்று சொல்லிவிடலாம். சமச்சீர் மையம் உண்டா இல்லையா என்பதில் எக்ஸ்-கதிர் ஆய்வு தடுமாறும் இடங்கள் உண்டு. அங்கே இரட்டிப்பு ஒளி தெளிவாகப் பேசும்.

பூட்டும் ஸ்விட்சும்

இப்படிப் பல பொருட்கள் உண்டு. ஆனால், எல்லாம் ஒரே ரகமல்ல.

பேரியம் டைட்டனேட்டை எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், ஜப்பான் மூன்று நாடுகளிலும் தனித்தனியாகக் கண்டறியப்பட்ட மின்பொருள் இது. இன்றும் நம் செல்போன்களில் உள்ள நுண்ணிய மின்தேக்கிகளின் அடிப்படை. ஆக்சிஜன் கூண்டுக்குள் டைட்டானியம் அணு நட்டநடுவே நிற்காமல் சற்று விலகி நிற்கிறது. விலகல் ஒரு நானோமீட்டரில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. அந்த விலகல்தான் இரட்டிப்பைத் தருகிறது. 120 டிகிரிக்கு மேல் சராசரியில் அது நடுவுக்கு வந்துவிடும், இரட்டிப்பும் போய்விடும். ஆறினால் திரும்பும். நல்ல ஸ்விட்ச், ஆனால் 120 டிகிரி வேண்டும்.

பேரியம் போரேட்டின் கதை வேறு. சீனாவின் ஃபூஜோ நகரில் உள்ள ஃபூஜியான் பொருட்கட்டமைப்பு ஆய்வு நிறுவனத்தில் சென் சுவாங்டியன் குழு 1980-களில் உலகுக்குத் தந்த படிகம் அது. பி.பி.ஓ. என்றால் லேசர் ஆய்வுக்கூடங்களில் எல்லோருக்கும் தெரியும். அதன் பீட்டா வடிவம் இரட்டிப்பில் கெட்டிக்காரப் படிகம். 925 டிகிரிக்கு மேல் அது ஆல்ஃபா வடிவமாகிறது. அதில் சமச்சீர் மையம் உண்டு, இரட்டிப்பு கிடையாது. ஆல்ஃபா வடிவத்தை அப்படியே ஆறவைத்தால் பீட்டாவாக எளிதில் திரும்புவதில்லை. இரண்டும் அறை வெப்பநிலையில் தனித்தனிச் சரக்காகவே விற்கின்றன. ஒன்று இரட்டிப்புக்கு, மற்றது ஒளியை முனைவாக்கும் பட்டகங்களுக்கு. பேரியம் போரேட் உருகுவது 1095 டிகிரியில். உருக்கிலிருந்து நேராக வளர்த்தால் ஆல்ஃபா வந்துவிடும் ஆபத்து. அதனால், சோடியம் ஆக்சைடு போன்றவற்றைக் கலந்து, 925-க்குக் கீழேயே கரைசலாக வைத்துப் பீட்டாவை வளர்க்கிறார்கள். இதை ஸ்விட்ச் என்பதைவிடப் பூட்டு என்பதே பொருத்தம். எந்தச் சூட்டில் பிறந்ததோ, அந்தக் குணத்தோடு நின்றுவிடுகிறது.

கண்ணாடியையும் இதில் சேர்க்கலாம். கண்ணாடியில் அணுக்களுக்கு ஒழுங்கே கிடையாது. எல்லாத் திசையும் சமம் என்பதால் இரட்டிப்புக்கு வழியில்லை. 1991-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் மையர்ஸ், முகர்ஜி, புரூக் மூவரும் சிலிக்கா கண்ணாடியை ஏறக்குறைய 300 டிகிரிக்குச் சூடாக்கி, சில ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தைக் கொடுத்து, அழுத்தத்தை விலக்காமலே ஆறவைத்தார்கள். கண்ணாடியின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மின்னூட்டங்கள் உறைந்து நின்றுவிட்டன. அந்தக் கண்ணாடி அதிர்வெண்ணை இரட்டித்தது. மின்னழுத்தம் இல்லாமல் மறுபடி சூடாக்கினால் அந்தத் திறன் அழிந்துவிடும். சாயமூலக்கூறு கலந்த பாலிமர் படலங்களிலும் இதே முறைதான். சூடும் மின்புலமும் சேர்ந்தால் எழுதும், சூடு மட்டும் என்றால் அழிக்கும்.

உருளும் மூலக்கூறுகள்

கற்பூரத்தை விரலால் அழுத்திப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். உப்பைப் போலவோ கற்கண்டைப் போலவோ அது நொறுங்குவதில்லை. மெழுகு மாதிரி நசுங்கிக் கொடுக்கும். கற்பூர மூலக்கூறு கிட்டத்தட்டப் பந்து வடிவம். அறை வெப்பநிலையிலேயே ஒவ்வொரு மூலக்கூறும் தன் இடத்தை விட்டு நகராமல், இருந்த இடத்திலேயே உருண்டுகொண்டிருக்கிறது. இடம் ஒழுங்கு, திசை ஒழுங்கின்மை. இப்படிப்பட்டவற்றை நெகிழ் படிகங்கள் என்று முதலில் வகைப்படுத்தியவர் பெல்ஜிய வேதியியலாளர் ஜான் டிம்மர்மான்ஸ். அது 1930-களில்.

வெப்ப ஸ்விட்ச் தேடுபவர்களுக்கு இந்த உருளல் பெரிய வரம். ஒரு மூலக்கூறு குளிரில் ஒரே திசை பார்த்து நிற்கிறது, படிகத்துக்குச் சமச்சீர் மையம் இல்லை, இரட்டிப்பு உண்டு. சூடாக்கினால் எல்லாப் பக்கமும் உருள்கிறது. சராசரியில் அது ஒரு பந்துதான். பந்துக்கு எப்போதும் மையம் உண்டு. இரட்டிப்பு சட்டென்று நிற்கிறது. டி.ஜி.எஸ். போலப் படிப்படியாகத் தளர்வதில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் திடீரென்று அணைகிறது. ஆறும்போது பெரும்பாலும் அதைவிடச் சில டிகிரி கீழே போய்த்தான் மறுபடி எரிகிறது. இடையில் உள்ள அந்த வெப்பநிலைகளில் படிகம் எரிவதும் அணைவதும், அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்பதைப் பொறுத்தது. தகவலைச் சேமிக்க நினைப்பவர்கள் இந்த இடைவெளியைத்தான் ஆவலோடு பார்க்கிறார்கள்.

குவினுக்ளிடின், டாப்கோ, அடமான்டேன் போன்ற பந்து வடிவ மூலக்கூறுகளை அமிலங்களோடும் உலோக ஹேலைடுகளோடும் சேர்த்துப் புதிய உப்புகளை ஆக்குகிறார்கள். கனிமப் பொருட்களின் மாற்ற வெப்பநிலை பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருக்கும். லித்தியம் நயோபேட்டுக்கு ஆயிரம் டிகிரிக்கும் மேல். மூலக்கூறு உப்புகளில் அதை அறை வெப்பநிலையை ஒட்டிக் கொண்டுவரலாம், மூலக்கூறில் ஒரு அணுவை மாற்றிச் சில டிகிரி ஏற்றலாம், இறக்கலாம். உருண்டு திரும்பும்போது அடுக்கு சிதைவதில்லை என்பதால் பலமுறை சூடாக்கி ஆற்றினாலும் தாங்கும்.

நான்ஜிங்கின் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஷியோங் ரென்ஜென் குழு 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட டைஐசோபுரொபைல் அம்மோனியம் புரோமைடு இந்தத் தேடலில் ஒரு மைல்கல். எளிய கரிம உப்பு. 153 டிகிரி வரை அதன் மின்முனைவு நிலைத்து நிற்கிறது. அதன் அளவும் பேரியம் டைட்டனேட்டுக்கு அருகில் வருகிறது. அதற்கு மேல் சமச்சீர் மையம் வந்துவிடுகிறது, இரட்டிப்பு போய்விடுகிறது. அதே ஆண்டில் ஃபூஜியான் நிறுவனத்தின் லுவோ ஜுன்ஹுவா, சுன் ஜிஹுவா குழுவும் ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ இதழில், எரியும் நிலைக்கும் அணையும் நிலைக்கும் பெரிய வித்தியாசம் காட்டும் திட நிலை ஸ்விட்ச் ஒன்றை முன்வைத்தது. அதன்பின் இந்தத் துறை பெருகிவிட்டது. குளிரில் அணைந்திருந்து சூட்டில் எரியும் நேர்மாறான படிகங்களும் வந்திருக்கின்றன.

எதற்குப் பயன்?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். வெப்பத்தால் இரட்டிப்பை எரித்து அணைக்கும் ஒரு கருவியைக் கடையில் வாங்க இன்னும் முடியாது. ஒளி வழித் தகவல் தொடர்பு, நினைவகம், வெப்ப உணரி, போலியைக் கண்டுபிடிக்கும் முத்திரை என்று ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைகளில் பட்டியல் நீளும். அவற்றில் பல எதிர்காலத்துக்கானவை.

முதல் தடை வேகம். ஒரு மில்லிமீட்டர் படிகத்தைச் சூடாக்கி ஆற்றுவது நொடிகளில் நடக்கும் வேலை. தகவல் தொடர்புக்கு அது ஆமை வேகம். மெல்லிய படலமாக்கினால் நேரம் வெகுவாகக் குறையும். வெப்பத்துக்குப் பதில் லேசர் துடிப்பாலேயே மாற்றத்தைத் தூண்டவும் முடியும். வனேடியம் டையாக்சைடில் அதைச் செய்து காட்டிவிட்டார்கள். 68 டிகிரியில் மின்கடத்தாப் பொருளிலிருந்து உலோகமாக மாறும் குணத்தை, 1959-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் எஃப்.ஜே. மோரின் கண்ட பொருள் அது. லேசர் துடிப்பு பட்டால் ஒரு நொடியின் கோடி கோடியில் சில பங்குக்குள் மாறிவிடுகிறது. அதன் இரு வடிவங்களிலும் சமச்சீர் மையம் இருப்பதால் இரட்டிப்பு ஸ்விட்சுக்கு உதவாது. ஆனால், சூடேறினால் அகச்சிவப்பைத் தடுத்துவிடும் குணம் உண்டு. உணர்வுமிக்க கேமராக்களை லேசர் தாக்குதலிலிருந்து காப்பது, கட்டட ஜன்னல்களில் வெயிலைத் தடுப்பது ஆகிய முயற்சிகள் அதை வைத்துத்தான் நடக்கின்றன.

இரண்டாவது தடை, லேசரே படிகத்தைச் சூடாக்கிவிடும் என்பது. மாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலைக்கு அருகில் இருந்தால், அளக்கப் போகும் ஒளியே படிகத்தை அணைத்துவிடலாம்.

வெப்பத்துக்கும் இரட்டிப்புக்கும் இன்னொரு உறவும் உண்டு. இதை முந்தையதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மூல ஒளியும் பிறக்கும் புதிய ஒளியும் படிகத்துக்குள் ஒரே வேகத்தில் போனால்தான் இரட்டிப்பு சேர்ந்து வலுக்கும். லித்தியம் டிரைபோரேட் படிகத்தில் 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைப் பச்சையாக்க வேண்டுமானால், ஏறத்தாழ 149 டிகிரியில் இந்த வேகப் பொருத்தம் மிகச் சிறப்பாக அமையும். அதற்காகவே படிகத்தை ஒரு குட்டி அடுப்புக்குள் வைத்து ஓட்டுகிறார்கள். சில டிகிரி தவறினால் பச்சை சரிந்துவிடும். பச்சை லேசர் பாயிண்டருக்குள்ளும் 1064-ஐ 532 ஆக்கும் படிகம் ஒன்று இருக்கிறது. கடுங்குளிர் இரவுகளில் வானியல் ஆர்வலர்களின் கையில் அது மங்கிப்போவதற்கும் வெப்பநிலைதான் காரணம். இங்கெல்லாம் சமச்சீர் மாறுவதில்லை, வேகப் பொருத்தம் போன்றவைதான் கெடுகின்றன. ஆகவே ஒற்றைப் படிகத்தைச் சூடாக்கிப் பச்சை குறைந்ததைப் பார்த்துவிட்டு, ‘ஸ்விட்ச் கண்டுபிடித்தேன்’ என்று எழுதிவிட முடியாது.

நம் பீக்கர்களில் என்ன இருக்கிறது?

சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம் 1982-ல் தொடங்கியது. பேராசிரியர் பி. ராமசாமியும் அவரிடம் படித்தவர்களும், அவர்களிடம் படித்தவர்களுமாக, தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு ஒரு பரம்பரையே உண்டு. ஒரே திசையில் நீளமாகப் படிகம் வளர்க்க சங்கரநாராயணனும் ராமசாமியும் 2005-ல் வெளியிட்ட முறையை இன்று பல நாடுகளில் ‘எஸ்.ஆர். முறை’ என்றே சொல்கிறார்கள். இது சாதாரணப் பெருமை அல்ல.

வேலையும் சாதாரணமானதல்ல. மிகைச்செறிவுக் கரைசலில் நைலான் நூலில் விதைப் படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, தொட்டியின் வெப்பத்தை டிகிரியின் நூறில் ஒரு பங்கு பிசகாமல் பார்த்துக்கொண்டு, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் போனால் உழைப்பு கரைந்துவிடும், அல்லது வேண்டாத குட்டிப் படிகங்கள் மழையாகக் கொட்டிவிடும். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த படிகத்தை அரைத்துப் பொடியாக்கி, நுண்குழாயில் அடைத்து, 1064 நானோமீட்டர் லேசர் துடிப்பின் எதிரே வைப்பார்கள். பச்சை எவ்வளவு என்று ஒளிமின்பெருக்கியில் படிப்பார்கள். அதே அளவு பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் (கே.டி.பி.) பொடியோடு ஒப்பிட்டு ‘கே.டி.பி.யைப் போல இத்தனை மடங்கு’ என்று எழுதுவார்கள். பெல் ஆய்வுக்கூடத்தின் கர்ட்ஸும் பெர்ரியும் 1968-ல் தந்த சோதனை இது. பெங்களூருக்குப் பொடியை அனுப்பி எண்ணை வாங்கிக்கொள்வதும் வழக்கம். பெரும்பாலான ஆய்வேடுகளில் கதை அந்த எண்ணோடு முடிந்துவிடுகிறது.

அந்த எண்ணை நம்புவதிலும் சிக்கல் உண்டு. 2010-ல் ஃப்ளெக், பெட்ரோசியான் என்ற இரு ஆய்வாளர்கள் ‘ஜர்னல் ஆஃப் கிரிஸ்டல் குரோத்’ இதழில் அமினோ அமில உப்புகளைப் பற்றி ஒரு கறாரான கட்டுரை எழுதினார்கள். புதிய என்.எல்.ஓ. படிகம் என்று அறிவிக்கப்பட்டவற்றில் சில புதியவையே அல்ல, கரைசலில் போட்ட மூலப்பொருளே திரும்பப் படிகமாகி வந்தவை என்று காட்டினார்கள். இந்தியக் கட்டுரைகளும் அந்த விமர்சனத்துக்கு ஆளாயின. வலித்தாலும் ஏற்க வேண்டிய விமர்சனம் அது. மூலப்பொருள்தான் திரும்ப வந்திருக்கிறதா என்பது, சூடாக்கிப் பார்த்திருந்தால் சில நேரம் முதல் நாளே தெரிந்திருக்கும். ஒவ்வொரு பொருளும் வெப்பத்துக்குக் கொடுக்கும் பதில் அதன் கைரேகை.

நம்மிடம் கருவி இல்லாமலும் இல்லை. வெப்ப நுண்ணளவி, டி.எஸ்.சி. என்று மாணவர்கள் சொல்வது, பெரிய ஆய்வு மையங்கள் பலவற்றில் இருக்கிறது. அதில் வரும் வரைபடத்தைப் படிகம் எந்தச் சூட்டில் உருகும் அல்லது சிதையும் என்று எழுதுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். உருகுவதற்கு வெகு முன்பே, வரைபடத்தில் சில நேரம் ஒரு சிறு மேடு தெரியும். ஈரம் வெளியேறியது என்று அதை ஒரு வரியில் கடந்துவிடுவதே வழக்கம். அது உண்மையில் ஈரமாகவும் இருக்கலாம். படிகத்தின் சமச்சீரே மாறிய இடமாகவும் இருக்கலாம்.

இந்த ஆண்டு புதிதாக ஆய்வில் சேர்ந்திருக்கும் மாணவர்களிடமும் அவர்களுடைய வழிகாட்டிகளிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். அந்த மேட்டைக் கடந்துபோகாதீர்கள். அதே மாதிரியை அதே கருவியில் ஆறவைத்து, மேடு திரும்ப வருகிறதா என்று பாருங்கள். ஈரமென்றால் திரும்பாது. திரும்பினால், பொடியை ஒரு சிறு வெப்ப மேடையில் வைத்து, அந்த வெப்பநிலைக்குக் கீழும் மேலும் பச்சையை அளந்து, பத்து முறை ஏற்றி இறக்கி, எண்களை அப்படியே வெளியிடுங்கள். பச்சை அணையாவிட்டால் அதையும் எழுதுங்கள்.